வீட்டில் குரல் பதியும்போதே ஹார்டுவேர் கம்ப்ரெஸர் போடலாமா? (தகரக் கூரை வீடு, கோத்தகிரி)

ஹட்டிக்காரன் | கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். என் அத்தைக்குத் தெரிந்த பழைய படுகப் பாட்டுகளை ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு முன்னால் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவர் பாடும் சில பாட்டுகளை எங்கள் ஹட்டியில் (ஊரில்) இப்போது வேறு யாரும் முழுதாகப் பாடுவதில்லை. அதனால் பதிவில் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலையோடுதான் கேட்கிறேன்.

என்னிடம் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று, பெரிய டயஃப்ரம் கண்டென்ஸர் மைக் ஒன்று, லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன். வீட்டுக்கு மேலே தகர ஷீட், உள்ளே பலகை சீலிங்.

அத்தை பாட்டைத் தொடங்கும்போது பேச்சுக் குரலைவிட மெதுவாகத் தொடங்குவார். ஆட்டத்துக்கான அடி வந்ததும் குரல் ஒரேயடியாக ஓங்கிவிடும். பச்சையில் கிடந்த மீட்டர் சட்டென்று சிவப்பைத் தொடுகிறது. என் தங்கையும் பாடுகிறாள், அவள் நேர்மாறு. முழுப் பாட்டையும் காதோடு பேசுகிற மாதிரியே பாடுவாள்.

கோவையில் ரெக்கார்டிங் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "பழைய ஆப்டிகல் கம்ப்ரெஸர் (குரல் ஓங்கும்போது சத்தத்தைத் தானாகக் குறைக்கும் கருவி) ஒன்று விலைக்கு வருகிறது, அதை வாங்கி அது வழியாகவே பதிந்துவிடு, பெரிய ஸ்டுடியோவில் எல்லாம் அப்படித்தான்" என்கிறார். பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா, இல்லை பிற்பாடு மிக்ஸில் அதே வேலையைச் செய்யும் பிளக்இன் (மென்பொருள்) போட்டால் போதுமா? இரண்டு பக்கமும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


லவ்டேல் மிக்ஸ் | ஊட்டி

மீட்டர் சிவப்பைத் தொடுகிறது என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாங்கண்ணா. இன்டர்ஃபேஸில் கெயினைக் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், அவ்வளவுதான்.

அத்தை ஓங்கிப் பாடும் இடத்தை ஒருமுறை பாடச் சொல்லி, அதன் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் (சைபரைத் தாண்டினால் உடையும்) பக்கத்தில் நிற்கிற மாதிரி கெயினை வையுங்கள். பாட்டின் வேகத்தில் இன்னும் ஓங்கினாலும் மைனஸ் 6ஐத் தாண்டாது. மெதுவான இடம் மைனஸ் 35, மைனஸ் 40 என்று திரையில் கோடு மாதிரி தெரியும். பரவாயில்லை. 24 பிட்டின் கணக்கு 144 டெசிபல். நம் இன்டர்ஃபேஸில் நிஜத்தில் கிடைப்பது 110 சொச்சம் இருக்கும். உங்கள் அறையின் சத்தம் அந்த அடிமட்டத்துக்கு வெகு மேலேயே நின்றுவிடும். அதனால் கெயினை 10 டெசிபல் குறைத்துப் பதிந்து அப்புறம் ஏற்றினால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

16 பிட் காலத்தில் மொத்தமே 96 டெசிபல்தான். மீட்டரை நிரப்பிப் பதிய வேண்டும் என்ற பழக்கம் அப்போது வந்தது. இன்றைக்கு அதற்கு வேலை இல்லை.


பழைய டேப் | பண்ணைக்காடு

தம்பி லவ்டேல் சொன்ன கணக்கு சரி. ஆனால் கோவை நண்பர் சொன்னதும் வெறும் பேச்சு இல்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று புரியும்.

நான் சென்னையில் டேப்பில் பதிந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்தவன். டேப்பில், இரைச்சலுக்கும் உடைப்புக்கும் நடுவே நமக்குக் கிடைத்த இடம் 60, 70 டெசிபல்தான். மெதுவாகப் பாடினால் டேப்பின் 'ஸ்ஸ்' மேலே வரும், ஓங்கினால் உடையும். இசைக்குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் நின்று பாடி, அங்கேயே கலந்து முடித்தாக வேண்டிய பதிவுகளும் இருந்தன. பிற்பாடு திருத்துவது என்ற பேச்சுக்கே இடம் இல்லாதபோது குரலை வாசலிலேயே அடக்கித்தான் உள்ளே விட முடியும்.

அந்தக் கருவிகளும் பிறந்தது அதற்காகத்தான். எல்லோரும் பெயர் சொல்லும் எல்ஏ-2ஏ, 1960களில் டெலிட்ரானிக்ஸில் ஜிம் லாரன்ஸ் செய்தது. வானொலி ஒலிபரப்பில் குரலின் அளவு ஒரே சீராக நிற்க வேண்டும் என்பது அதன் வேலை. உள்ளே ஒரு ஒளித்தகடு, அதை ஒட்டி ஒளி பட்டால் தடை மாறும் ஒரு செல். குரல் ஓங்கினால் தகடு ஒளிரும், ஒளிர்ந்தால் அளவு குறையும். அந்த செல் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுப்பதால்தான் அது குரலை விடும்போதும் மெதுவாக விடுகிறது. பாதி அளவு 60 மில்லிசெகண்டில் திரும்பிவிடும், மீதி முழுதாகத் திரும்ப அரை நொடியிலிருந்து 5 நொடிவரை ஆகும். காதுக்கு உறுத்தாததற்குக் காரணம் அதுதான். 1967இல் பில் புட்னம் கொண்டுவந்த 1176 வேறு ரகம். அது எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரால் வேலை செய்வது, ஒரு மில்லிசெகண்டுக்குள் பிடித்துவிடும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டர் சிவப்பாகாமல் இருக்க ஆப்டிகல் கம்ப்ரெஸர் வாங்குவது என்பது கருவியைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவது. அது பிடிப்பதற்கே சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் அத்தை ஓங்கும் முதல் எழுத்தின் முனை அதற்குள் இன்டர்ஃபேஸுக்குப் போய் உடைந்துவிடும். காவலுக்கு வேண்டியது லிமிட்டர் (உச்சத்தை ஒரு அளவுக்கு மேல் போகவிடாத கருவி), அல்லது தம்பி சொன்ன மாதிரி குறைந்த கெயின்.

பின் எதற்குப் போடுகிறோம்? பாடுகிறவருக்காக. தன் குரல் ஹெட்போனில் நெருக்கமாக, சீராகக் கேட்டால் பாடுகிற விதமே மாறும். நான் இன்றைக்கும் தெரிந்த குரலுக்கு 2, 3 டெசிபல் மட்டும் குறைகிற மாதிரி வைத்துத்தான் பதிவேன். தெரியாத குரலுக்கு வைக்க மாட்டேன்.


கூடலூர் மழை | கூடலூர்

ஹட்டிக்காரன் அண்ணா, நீங்கள் தகரக் கூரை என்று எழுதியதைப் பார்த்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு ஜூனில் தொடங்கும் மழை, உங்களுக்கு அக்டோபர், நவம்பரில். ஹெத்தை ஹப்பாவுக்கு முன்னால் என்றால் நீங்கள் பதியப்போவது சரியாக உங்கள் மழைக்காலத்தில்.

கம்ப்ரெஸர் சத்தமான இடத்தைத்தான் குறைக்கிறது, மெதுவான இடத்தைத் தொடுவதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் குறைத்த பிறகு மொத்தத்தையும் திரும்ப ஏற்றுகிறோம் இல்லையா, மேக்கப் கெயின், அங்கேதான் வருகிறது வினை. 3:1 விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். த்ரெஷோல்டை (கம்ப்ரெஸர் பிடிக்கத் தொடங்கும் அளவை) 9 டெசிபல் தாண்டினால் வெளியே 3 டெசிபல்தான் வரும், 6 டெசிபல் குறைந்துவிட்டது. அந்த 6ஐ மேக்கப்பில் திரும்பக் கொடுத்தால் அத்தை மூச்சு விடும் இடத்தில் கேட்கும் கூரைச் சத்தம், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டரின் ரீங்காரம் எல்லாம் 6 டெசிபல் ஏறி நிற்கும். மைனஸ் 60இல் இருந்தது மைனஸ் 54. பிளக்இன் போட்டாலும் இதே கணக்குதான். ஆனால் பிளக்இன் போடுவதற்கு முன்னால் நீங்கள் மூச்சு இடைவெளிகளைக் கையால் இறக்கிவிடலாம், மழை வலுத்த வரியை இன்னொரு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டலாம். கம்ப்ரெஸர் வழியாகப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மழை மேலே வந்து வந்து இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் குரலோடு சேர்ந்தே பதிந்துபோகும். டேக்குகளை ஒட்டினால் பின்னணிச் சத்தம் பொருந்தாது. பிற்பாடு இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் போட்டாலும் சரியாக வேலை செய்யாது. அது ஒரே சீரான இரைச்சலைத்தான் நன்றாக எடுக்கும். ஏறி இறங்கும் இரைச்சலை எடுக்கச் சொன்னால் குரலையும் சேர்த்துத் தின்னும்.

கம்ப்ரெஸருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை அறைக்குச் செலவிடுங்கள். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் நான் பதிவது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில். கம்பளியைச் சுவரை ஒட்டித் தொங்கவிடாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுவேன். இது எதிரொலியைக் குறைக்கும், மழைச் சத்தத்தை நிறுத்தாது. மழையை நிறுத்த கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கனமாக ஏதாவது போட வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காது. அதனால் மழை விடும் நேரத்தைப் பார்த்துப் பதிவதுதான் வழி. எங்கள் பக்கம் விடியற்காலையில் பெரும்பாலும் கொஞ்சம் ஓயும்.

அப்புறம் தூரம். மைக்கிலிருந்து 30 செண்டிமீட்டரில் பாடுகிறவர் 15க்கு வந்தால் குரல் 6 டெசிபல் கூடும், கூரைச் சத்தம் அப்படியேதான் இருக்கும். செலவே இல்லாமல் கிடைக்கும் 6 டெசிபல் அது. கிட்டே வந்தால் அடிக்குரல் கனக்கும், அதற்கு 80 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டுவது) போட்டால் போதும். பாப் ஃபில்டர் கட்டாயம் வேண்டும்.


பெருமாள்மலை கொயர் | கொடைக்கானல்

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன். சர்ச் கொயருக்குப் பழகும் பாட்டுகளைப் பதிந்து கொடுக்கிறேன். என் இன்டர்ஃபேஸ் வோல்ட் 276. அதில் 1176 பாணியில் ஒரு அனலாக் கம்ப்ரெஸர் உள்ளேயே இருக்கிறது. பட்டனை அழுத்தினால் குரலுக்கு, கிட்டாருக்கு, வேகமானது என்று மூன்று அமைப்பு. திருகி விளையாட எதுவும் இல்லை. அது வழியாகப் பதிந்தால் அப்படியேதான் ட்ராக்கில் விழும், திரும்ப எடுக்க முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

காரணம் சொல்கிறேன். எங்கள் கொயரில் பாடுகிறவர்கள் தோட்டத்தில், கடையில், பள்ளியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். மைக் முன்னால் நின்று பழக்கம் இல்லை. கம்ப்ரெஸர் இல்லாமல் ஹெட்போன் கொடுத்தால் தங்கள் குரல் காணாமல் போகிறது என்று ஒரு காதைக் கழற்றிவிடுகிறார்கள், சுருதி நழுவுகிறது. பட்டனை அழுத்தியதும் முகமே தெளிந்துவிடும். அன்று இரவே பாட்டை வாட்ஸப்பில் அனுப்பியாக வேண்டும். மிக்ஸ் செய்ய உட்கார எனக்கு நேரம் கிடையாது. பதிந்ததே முடிந்த பாட்டாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்து முடியாமலே கிடக்கும் பதிவுகளை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன் அண்ணே. முடிவெடுத்துப் பதிவதும் ஒரு ஒழுக்கம்தான்.


லவ்டேல் மிக்ஸ் | ஊட்டி

பெருமாள்மலை, உங்கள் வேலைக்கு அது பொருத்தம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பலன் முழுவதும் ஹெட்போனில் கேட்பதால் வந்தது. ட்ராக்கில் பதிவதால் வந்தது இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாடுகிறவர் காதுக்குக் கம்ப்ரெஸர், ட்ராக்குக்குக் கலப்பில்லாத குரல், இது இன்றைக்கு முடியும். டிஎஸ்பி (ஒலியைத் தானே கையாளும் சிப்) உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் அதன் மிக்ஸரிலேயே மானிட்டருக்கு மட்டும் என்று வைக்கலாம். அது இல்லாவிட்டால் ரீப்பரில் ட்ராக்கின் சாதாரண எஃப்எக்ஸ் வரிசையில் ரியாகாம்ப் என்ற கம்ப்ரெஸர் பிளக்இன் போட்டு இன்புட் மானிட்டரிங்கை இயக்குங்கள். காதில் கேட்பது அமுக்கிய குரல், வட்டில் விழுவது அப்படியே மைக் குரல். இன்புட் எஃப்எக்ஸில் போட்டால்தான் பதிவிலேயே விழும், அந்த இரண்டு இடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே நிபந்தனை, தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு) 64 சாம்பிள் என்றால் ஒரு பக்கம் 1.3 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3. போய்த் திரும்பி, கன்வர்ட்டரும் சேர்த்தால் 256இல் 10ஐத் தாண்டும். அந்த அளவில் பாடுகிறவருக்குத் தன் குரல் தள்ளி வருவது உறுத்தத் தொடங்கும்.


ஹட்டிக்காரன் | கோத்தகிரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

லேப்டாப் பழசு. 64இல் வைத்தால் பட பட என்று சத்தம் வருகிறது, 256க்குக் கீழே போக முடியவில்லை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கிறது (மைக் குரலை லேப்டாப்புக்குப் போகாமலே ஹெட்போனுக்குக் கொடுப்பது), அதில் தாமதம் இல்லை, ஆனால் கம்ப்ரெஸரும் இல்லை. அப்படியானால் எனக்கு ஹார்டுவேர்தான் வழியா?

இன்னொன்று, 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அது உண்மையா?


லவ்டேல் மிக்ஸ் | ஊட்டி

32 பிட் ஃப்ளோட்டில் பதிந்தால் சிவப்பைத் தாண்டிய அலையையும் கீழே இறக்கி மீட்கலாம் என்பது உண்மை, இன்டர்ஃபேஸும் அதற்கேற்ற இரட்டைக் கன்வர்ட்டர் உள்ளதாக இருந்தால். மைக்கே திணறினாலோ, முன்னால் உள்ள ப்ரீஆம்பில் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதியில்) குரல் உடைந்தாலோ அதை மீட்க முடியாது. வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு குரலைப் பதிகிறவருக்கு அது அவசியம் இல்லை. காட்டுக்குள் ஆளில்லாமல் வைத்துவிட்டு வருகிறவருக்கு அருமையான பொருள்.

டைரக்ட் மானிட்டரிலேயே அத்தையைப் பாடச் சொல்லிப் பாருங்கள் முதலில். இசைத் தடம் எதுவும் ஓடாதபோது அவருக்கு ஹெட்போனே தேவைப்படாமல் போகலாம்.


பழைய டேப் | பண்ணைக்காடு

லவ்டேல் சொன்ன கடைசி வரியை அடிக்கோடிடுகிறேன். வாழ்நாள் முழுவதும் மைக் இல்லாமல் பாடியவர் அவர். சுவரில் பட்டுத் திரும்பும் தன் குரலை வைத்துத்தான் அளவு பார்த்துப் பழகியிருப்பார். அந்தக் காதை மூடாதீர்கள்.

கம்ப்ரெஸரை வாங்கும் முன் இரண்டு நாள் கடன் வாங்கிச் சோதியுங்கள். எப்படி என்று சொல்கிறேன். நான்கு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று நண்பரிடம் கிடைக்குமா பாருங்கள். மைக்கை முதல் சேனலில் போட்டு அப்படியே பதிகிறீர்கள். அதே சிக்னலை இன்டர்ஃபேஸின் மிக்ஸர் வழியாக மூன்றாவது லைன் அவுட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கம்ப்ரெஸர், கம்ப்ரெஸரிலிருந்து இன்னொரு லைன் இன்புட். ஒரே டேக், இரண்டு ட்ராக், ஒன்று சுத்தமானது, ஒன்று அமுக்கியது. அமுக்கியதை ஹெட்போனுக்கும் கொடுக்கலாம், தாமதம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டுதான் இருக்கும். கோவை நண்பர் சொன்னதும் கிடைத்தது, கூடலூர் தம்பி பயந்ததும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த இரண்டு ட்ராக்கையும் சேர்த்து ஒலிக்கவிட வேண்டுமானால் அலையைப் பெரிதாக்கிப் பார்த்து நேராக்கிவிடுங்கள். அந்த ஒரு மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

கேட்கும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் நன்றாகவே கேட்கும். கம்ப்ரெஸர் போட்டதும் பாட்டு அழகாகிவிட்டது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கேட்டது மேக்கப் கெயினைத்தான்.

இன்னொரு விஷயம், இது என் மனதுக்கு நெருக்கமானது. நம் பாட்டுகளில் சுரத்தை அசைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் குரலின் அளவும் கூடவே அசைகிறது. சங்கதி விழும் இடத்தில் ஒரு அழுத்தம், விட்ட உடனே ஒரு மெலிவு. தாலாட்டில், ஒப்பாரியில் அந்த மெலிவுதான் நெஞ்சைப் பிடிக்கும். வேகமான அட்டாக் (பிடிக்கும் நேரம்), வேகமான ரிலீஸ் (விடும் நேரம்) வைத்தால் கம்ப்ரெஸர் ஒவ்வொரு அசைவையும் பிடித்துச் சமன் செய்துவிடும். சுருதி அசைவது கேட்கும், உயிர் அசைவது கேட்காது. அப்படி அமுக்கப்பட்ட நாட்டுப்புறப் பதிவுகளை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், பாடியவர்களில் பலர் இன்று இல்லை, சுத்தப் பதிவும் இல்லை. உங்கள் அத்தையின் பதிவு ஆவணம். ஆவணத்துக்கு மூலப் பதிவு தொடப்படாமல் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.


குன்னூர் பனி | குன்னூர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், மைக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் மழைக்காலத்தில் கண்டென்ஸர் மைக்கை வெளியே விட்டு வைத்தால் கேப்ஸ்யூலில் ஈரம் ஏறி, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி படபடப்பு வரும். பலர் கேபிளை மாற்றுவார்கள், இன்டர்ஃபேஸைச் சந்தேகப்படுவார்கள். லேசாக இருக்கும்போது தனியாகக் கேட்டால் தெரியாது. கம்ப்ரெஸர் போட்டதும் தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பதிவதற்கு அரை மணி நேரம் முன்பே மைக்கை அறைக்குள் எடுத்து வையுங்கள். குளிர்ந்த மைக்கின் மேல் மூச்சு பட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

டைனமிக் மைக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. டைனமிக் போட்டால் அறைச் சத்தம் வராது என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிறோம், அதனால்தான் அறை தள்ளிப்போகிறது. அதே தூரத்தில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே டீ ஃபேக்டரி. கொழுந்து வாட்டும் ஃபேன் ஓடினால் அடிக்குரலில் ஒரு 'ம்ம்' நின்றுகொண்டே இருக்கும். எனக்கும் லோ கட்தான் துணை.


கூடலூர் மழை | கூடலூர்

குன்னூர் அக்கா சொன்னது மிக முக்கியம். சிலிக்கா ஜெல்லோடு ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் டப்பாவுக்குள் போட்டு வைத்தால் திறந்து பார்க்காமலே தெரியும்.


ஹட்டிக்காரன் | கோத்தகிரி

சோதித்துப் பார்த்துவிட்டேன். கோவை நண்பரே தன் கம்ப்ரெஸரையும் நான்கு அவுட்புட் இன்டர்ஃபேஸையும் எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்துவிட்டார். பழைய டேப் ஐயா சொன்ன மாதிரியே ஒரே டேக்கில் இரண்டு ட்ராக் பதிந்தோம். ஓங்கும் இடத்தில் 4 டெசிபல் குறைகிற மாதிரி நண்பர் வைத்தார்.

முதலில் தங்கை. அமுக்கிய குரலை ஹெட்போனில் கேட்டதும் அவள் இன்னும் மெதுவாக, இன்னும் நெருக்கமாகப் பாடினாள், எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்தது. பெருமாள்மலை அண்ணன் சொன்னது அவள் விஷயத்தில் அப்படியே நடந்தது. இரண்டு ட்ராக்கையும் சமமான சத்தத்தில் கேட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் அமுக்கியதே பிடித்தது. சுத்தமான ட்ராக்கில் பிளக்இன் போட்டு அதற்கு அருகில் கொண்டுவந்தோம், நண்பருக்கே எது எது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் அப்படிப் பாடியதற்குக் காரணம் காதில் கேட்ட குரல். அதைப் பிளக்இன் பின்னால் வந்து செய்ய முடியாது.

அத்தைக்கு வேறு மாதிரி. ஹெட்போன் மாட்டிப் பாடினார். ஆட்ட அடி வந்த இடத்தில் அவர் ஓங்க ஓங்க, காதில் சத்தம் கூடவில்லை. கம்ப்ரெஸர் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இன்னும் இன்னும் கத்திப் பாடி, பாட்டு முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பயந்துவிட்டேன். சுடுதண்ணீர் குடித்து ஓய்வெடுத்த பிறகு ஹெட்போனே இல்லாமல், மைக்கிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கெயினைக் குறைத்துப் பாடச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முழுப் பாட்டும் பாடினார். உச்சம் மைனஸ் 9. மெதுவாகத் தொடங்கிய இடத்தில் தூரத்தில் நாய் குரைப்பதுகூடக் கேட்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.


பெருமாள்மலை கொயர் | கொடைக்கானல்

அருமை. அத்தை ஓங்க ஓங்கக் காதில் கூடவில்லை என்ற விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. எங்கள் சோப்ரானோ அக்கா ஒருவர் பழகும் பாட்டு பதியும் நாளில் மட்டும் தொண்டை வலிக்கிறது என்பார், அவருக்கு அடுத்த முறை பட்டனை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு அப்படியே தொடர்வேன். வேலை அன்றைக்கே முடிவது எனக்கு முக்கியம்.


பழைய டேப் | பண்ணைக்காடு

மனம் நிறைந்தது தம்பி. அந்தக் கோப்பின் பெயரில் பாட்டின் முதல் வரி, ஊர், தேதி மூன்றையும் எழுதி, இரண்டு வேறு வேறு வட்டில் நகல் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். மிக்ஸ் செய்யும்போது உங்கள் அத்தைக்குப் பிளக்இன் போடுவதற்கு முன்னால், ஓங்கும் வரிகளைக் கிளிப் கெயினில் (பதிவின் அந்தத் துண்டுக்கு மட்டுமான சத்த அளவில்) கையால் 3, 4 டெசிபல் இறக்குங்கள். அதன் பிறகு 2:1, அட்டாக் 20, 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் 200 பக்கம். ஊசி 2 டெசிபலுக்கு மேல் அசையக் கூடாது. கையால் செய்யும் வேலையைக் கருவியிடம் முழுதாகக் கொடுக்காதீர்கள்.


ஹட்டிக்காரன் | கோத்தகிரி

அப்படியே செய்கிறேன் ஐயா. பெரிய ஆப்டிகல் கருவி வாங்கவில்லை. தங்கைக்காக மட்டும் சின்னதாக ஒன்று, பழைய டிபிஎக்ஸ் 286எஸ் (மைக் ப்ரீஆம்பும் கம்ப்ரெஸரும் சேர்ந்த பெட்டி) கிடைக்கிறது, அதை வாங்கலாம் என்று இருக்கிறேன். என் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸில் அதை எப்படி இணைப்பது? மைக் கேபிளைப் போடும் அதே பெரிய ஓட்டையில் போடலாமா?


லவ்டேல் மிக்ஸ் | ஊட்டி

மைக்கை 286எஸ்ஸில் நேராகப் போடுங்கள், அதற்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. 48 வோல்ட்டை (கண்டென்ஸர் மைக்குக்கான மின்சாரத்தை) அதில் போடுங்கள், இன்டர்ஃபேஸில் அணைத்துவிடுங்கள். அதன் கால் அங்குல ஜாக் அவுட்டிலிருந்து பேலன்ஸ்டு கேபிளில் இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு. மூன்று முள் எக்ஸ்எல்ஆரில் போடாதீர்கள், அங்கே இன்னொரு மைக் ப்ரீஆம்ப் இருக்கிறது, உடைந்துவிடும். காம்போ ஜாக் என்றால் நடுவில் உள்ள ஜாக் ஓட்டை, இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் அணைந்திருக்க வேண்டும், கெயின் அடிமட்டத்தில்.

கம்ப்ரெஸருக்கு ட்ரைவ், டென்சிட்டி என்று இரண்டே நாப்தான். விளக்கு 3 டெசிபல் பக்கம் மினுங்கும் அளவுக்கு மட்டும் ட்ரைவைத் திருப்புங்கள். எக்ஸ்பாண்டர்/கேட்டை (மெதுவான சத்தத்தை அடைக்கும் பகுதியை) முழுதாக அணைத்து வையுங்கள், தங்கை பாடும் அளவுக்கு அது வரியின் கடைசி எழுத்தை வெட்டிவிடும். என்ஹான்ஸரும் வேண்டாம். டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டால் தங்கைக்கு அமுக்கிய குரல் தாமதமில்லாமல் காதுக்கு வந்துவிடும். அத்தை பாடும்போது அதை இணைப்பிலிருந்தே கழற்றிவிட்டு மைக்கை இன்டர்ஃபேஸில் நேராகப் போடுங்கள்.